இருமும் அண்ணனும் இருமாத தங்கையும்

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். இரண்டாவது பிரசவத்துக்காகக் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மூத்த மகனுக்கு ஐந்தரை வயது. பதினெட்டு நாளாக இருமல். பகலில் ஒன்றுமே இல்லாதவன்போல் விளையாடுகிறான். ராத்திரியில் தொடங்கினால் விடாமல் இருமி, முகமெல்லாம் சிவந்து, சாப்பிட்டதைக் கக்கிவிடுகிறான். காய்ச்சல் இல்லை. மருந்துக்கடையில் இரண்டு முறை சிரப் வாங்கிக் கொடுத்தும் குறையவில்லை. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 19,800, அதில் லிம்போசைட் 72 சதவீதம் என்று வந்திருக்கிறது. இது கக்குவான்தான் என்று சொல்லும் அம்மா, தெருவில் கழுதைப்பால் கொண்டுவருகிறவரிடம் வாங்கி மகனுக்கும் கைக்குழந்தைக்கும் ஆளுக்கொரு சங்கு கொடுக்கலாம் என்கிறார். அம்மாவுக்கும் பத்து நாளாக இருமல் இருக்கிறது. மகனுக்குக் கைக்குழந்தையில் போட வேண்டிய மூன்று ஊசிகளும் போட்டோம். ஒன்றரை வயது ஊசி சமயத்தில் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்ததால் விட்டுப்போயிற்று. ஊசி போட்ட பிள்ளைக்கும் இது வருமா? முப்பத்தெட்டு நாளான என் மகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? அவளுக்கு இருமல் எதுவும் இல்லை. நான் தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்று மாலையே அதில் எழுதியிருந்த எண்ணில் உங்களை அழைத்து, மகனை மட்டுமல்லாமல் கைக்குழந்தையையும் உங்கள் தாயாரையும் சேர்த்து மறுநாள் காலையே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அழைத்துச் செல்லும்படி சொன்னேன். அச்சில் பதில் வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல அது. அங்கே மகனின் மூக்கு வழியே மெல்லிய பஞ்சுக்குச்சியை விட்டு மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், முடிவுக்குக் காத்திராமல் வீட்டில் எல்லோருக்கும் மருந்து தொடங்கிவிட்டதாகவும் நீங்கள் பிறகு தெரிவித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அன்று நான் ‘இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள்’ என்று அடுக்கிக்கொண்டே போனேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. காரணம் தெரியாமல் கடைப்பிடிக்கும் யோசனை, வீட்டுக்கு வந்துபோகும் நான்காவது உறவினர் வேறொன்று சொல்லும்போது கைவிட்டுப்போகும். அதனால்தான் இந்தப் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் விவரித்த இருமல், உங்கள் தாயார் பெயர் சொன்ன அதே நோயாக இருப்பதற்கே அதிக வாய்ப்பு. கக்குவான் என்ற பெயரே அதன் முக்கியமான அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. இருமலின் முடிவில் பிள்ளை கக்குவதைப் பார்த்து நம் முன்னோர் வைத்த பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலேயர், இருமி முடித்ததும் மூச்சை உள்ளே இழுக்கையில் எழும் ‘ஊப்’ என்ற ஓசையை வைத்துப் பெயரிட்டார்கள். சீனத்தில் இதை நூறு நாள் இருமல் என்பார்கள். ஓசையைவிட வாந்தியையும் நாள் கணக்கையும் வைத்து அடையாளம் காண்பதுதான் சரி என்பது என் அனுபவம்; ஏனென்றால் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் அந்த ஓசை பெரும்பாலும் கேட்பதில்லை, ஒன்றிரண்டு மாதக் குழந்தைகளிடம் அனேகமாகக் கேட்பதே இல்லை.

முதல் ஒன்றிரண்டு வாரம் இது சாதாரண சளியைப்போலவே இருக்கும். மூக்கு ஒழுகும், லேசாக இருமும், காய்ச்சல் இருக்காது அல்லது இருந்தும் தெரியாது. பிறகுதான் அடுக்கடுக்கான இருமல் தொடங்கும். தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை எழுந்து உட்காரும். நடுவில் மூச்சிழுக்க இடமே இல்லாமல் பத்து, பதினைந்து இருமல் ஒரே மூச்சில் வரும். நாக்கு வெளியே நீளும், கண்ணில் நீர் வழியும், முகம் சிவந்து பிறகு கருக்கும். கடைசியில் நூல்போல் இழுபடும் கெட்டியான சளியும், ராத்திரி உண்ட களியோ சோறோ அதனோடு சேர்ந்தும் வெளியே வரும். வந்ததும் பிள்ளை வியர்த்துப்போய்ச் சுவரில் சாய்ந்துகொள்ளும், ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடும். காலையில் மருத்துவரிடம் கூட்டிப்போனால் அங்கே ஒருமுறைகூட இருமாது. நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாலும் எதுவும் கேட்காது. ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று சொல்லி ஒரு சிரப்பை எழுதி அனுப்புவது இப்படித்தான் நடக்கிறது. ஆகவே அடுத்த முறை இருமும்போது கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்து வாக்கியத்தில் சொல்வதை அது ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

அந்த ரத்தப் பரிசோதனைத் தாளும் பயனுள்ளதுதான். பாக்டீரியாக் கிருமி எதுவும் உடலில் புகுந்தால் வழக்கமாக நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள்தான் கூடும். கக்குவானில் மாறாக லிம்போசைட் கூடுகிறது. இக்கிருமி விடும் நச்சு, அந்த அணுக்களை ரத்தக் குழாயிலிருந்து வெளியேறி நிணநீர்க் கணுக்களுக்குப் போகவிடாமல் தடுத்துவிடுவதால், அவை ரத்தத்திலேயே தேங்கிவிடுகின்றன. இதை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. வேறு சில வைரஸ் நோய்களிலும் லிம்போசைட் கூடும். உறுதிசெய்வது மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் செய்யும் பி.சி.ஆர். பரிசோதனை. அதுவும் இருமல் தொடங்கிய மூன்று வாரத்துக்குள் எடுத்தால்தான் நம்பத்தக்கது. பதினெட்டாம் நாளில் நீங்கள் எழுதியதால் அந்த வாய்ப்பு கடைசி நேரத்தில் கிடைத்திருக்கிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்பதால் காசநோய்க்கான பரிசோதனையையும் மருத்துவர் கேட்டிருந்தால் மிரள வேண்டாம். அது வழக்கமான நடைமுறை.

இனி உங்கள் கடிதத்தில் என்னைத் தொலைபேசியை எடுக்கவைத்த வரிக்கு வருகிறேன். மகனின் இருமலைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய நீங்கள், மகளைப் பற்றி ‘அவளுக்கு இருமல் எதுவும் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கக்குவான் வந்த வீட்டில், இரண்டு மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு இருமல் இல்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தி அல்ல. அந்த வயதில் இந்த நோய் இருமலாக வெளிப்படாமலேயே இருக்கலாம். தொடர்ந்து இருமுவதற்குத் தேவையான வலுவே குழந்தைக்கு இல்லை; மூச்சுதான் நின்றுபோகும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், அரூர் பக்கத்துச் செங்கல் சூளை ஒன்றிலிருந்து ஆறு வாரக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ‘பால் குடிக்கும்போது நடுவில் அப்படியே அசையாமல் போய்விடுகிறான், பிறகு சரியாகிவிடுகிறான்’ என்று தாய் சொன்னார். காய்ச்சல் இல்லை, நெஞ்சில் சத்தம் இல்லை, எடையும் சரியாக இருந்தது. அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றும் எனக்கு ஒன்றும் தென்படவில்லை. பயந்த தாய் ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மறுபடி பால் கொடுக்க ஆரம்பித்தார். நான்கைந்து வாய் குடித்த குழந்தை மார்பை விட்டது, அழவில்லை, இருமவில்லை, வாயோரம் பால் வழிய, உதடு முதலில் வெளுத்து, பிறகு நாவற்பழம் தின்றதுபோல் ஆனது. வயிறு ஏறி இறங்குவது நின்றிருந்தது. செவிலியர் உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்து, பிராணவாயுக் குழாயை வைத்த பிறகுதான் மூச்சு திரும்பியது. இவ்வளவும் ஓசை இல்லாமல் நடந்தது. அடுத்த கட்டிலில் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தையின் பாட்டி மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தார் என்பதை நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது இரண்டாம் நாள்தான். குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து, ‘வீட்டில் யாருக்கு இருமல்?’ என்று கேட்காமல் எந்தக் கைக்குழந்தையையும் நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்விக்கான விடை மகனோடு நிற்கவில்லை. இந்தக் கிருமி, சளிபோலத் தோன்றும் முதல் நாட்களிலும் இருமல் தொடங்கிய இரண்டு வாரத்திலும்தான் மிக அதிகமாகப் பரவும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். மருந்து எதுவும் கொடுக்காவிட்டாலும் மூன்று வாரத்தில் மகனிடமிருந்து பரவுவது பெரும்பாலும் நின்றிருக்கும். உங்கள் தாயாருக்கோ இது பத்தாம் நாள். கணக்குப்படி, வீட்டில் மற்ற எவரையும்விட அதிகமாகக் கிருமியை வெளியே விட்டுக்கொண்டிருப்பவர் அவர்தான். பெரியவர்களுக்கு இது ஊப் என்ற ஓசையோ வாந்தியோ இல்லாமல், விடாத வறட்டு இருமலாக மட்டுமே இருக்கலாம் என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அவர்தான் தினமும் காலை நீட்டி உட்கார்ந்து பேத்தியைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுகிறார். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கடைப்பு எடுக்க வாய் வைத்து ஊதுகிற வழக்கமும் நம் பக்கத்தில் இருக்கிறது. இதை அவரிடம் குற்றம் சொல்வதுபோல் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை பெற்ற மகளுக்குப் பணிவிடை செய்ய வந்தவரிடம் ‘உன்னால்தான்’ என்று ஒரு சொல் தவறி விழுந்துவிட்டால், நோய் போன பிறகும் அது போகாது. ஐந்து நாளுக்கு மருந்து சாப்பிட்டுவிட்டுப் பிறகு குளிப்பாட்டட்டும் என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்லுங்கள்; மருத்துவர் சொன்னதும் அதுதான்.

அந்த ஐந்து நாள் கணக்கு அசித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டியது. அதுவரை மகன் பள்ளிக்கும் போகக் கூடாது, தங்கை படுத்திருக்கும் அறைக்கும் வரக் கூடாது. இரண்டே அறை உள்ள வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது சிரமம் என்பது எனக்குத் தெரியும். உங்கள் கணவர் விடுப்பில் வந்து மகனோடு முன்னறையில் படுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். வேறு கைக்குழந்தை இருக்கும் உறவினர் வீட்டுக்கு அவனை அனுப்பிவிட வேண்டாம். நோயையும் சேர்த்து அனுப்புவதாகிவிடும். நீங்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் புறப்பட வேண்டாம். இருமல் இல்லாத உங்களுக்கும், உங்கள் தந்தைக்கும், முப்பத்தெட்டு நாள் குழந்தைக்கும்கூட ஏன் மருந்து எழுதினார்கள் என்று பிறகு பேசியபோது கேட்டீர்கள். கிருமி ஒருவேளை ஏற்கெனவே வந்திருந்தால், அது நோயாக மாற ஏழு முதல் பத்து நாள் வரையிலும், சிலரிடம் மூன்று வாரம் வரையிலும் ஆகலாம். அந்த இடைவெளியிலேயே அதைத் தீர்த்துவிடுவதுதான் நோக்கம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆறு வாரத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் மிகச் சிலருக்கு இவ்வகை மருந்துகளால் இரைப்பையின் வாய் தடித்துச் சுருங்கிவிடுவதுண்டு. மருந்துக்குப் பின் வரும் சில வாரங்களில், பால் குடித்தவுடன் பீய்ச்சி அடிப்பதுபோல் திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் உடனே காட்டுங்கள். இதற்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் கக்குவானின் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரியது.

தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுங்கள். பால் வழியாக இந்நோய் பரவாது; மூச்சுக்காற்றின் துளிகள் வழியாகத்தான் பரவும். கொடுக்கும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தாலோ நன்றாக மடித்த துணியாலோ மூடிக்கொள்ளுங்கள். குழந்தையின் முகத்தை எதனாலும் மூட வேண்டாம். பால் கொடுக்கும் நேரம்தான் குழந்தையைக் கவனிக்க மிக நல்ல நேரம் என்பதும் நான் மேலே சொன்ன சம்பவத்திலிருந்து உங்களுக்குப் புரிந்திருக்கும். நடுவில் மூச்சு நிற்பது, உதடோ நாக்கோ நீலமாவது, வழக்கம்போல் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, உடல் துவண்டுபோவது, வலிப்பு, அமைதியாகக் கிடக்கும்போது எண்ணினால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஒன்றே ஒன்று தென்பட்டாலும், இரவா பகலா என்று பாராமல் 108க்கு அழைத்துவிடுங்கள். வண்டி வரும்வரை குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருங்கள். வாயில் தண்ணீரோ வேறெதுவுமோ ஊற்றக் கூடாது.

மகனைப் பொறுத்தவரை நீங்கள் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பொறுமை நிறைய வேண்டும். ஐந்து நாள் மருந்து முடிந்தும் இருமல் குறையவில்லையே என்று அடுத்த வாரம் நீங்கள் என்னைத் திரும்பவும் கேட்கத்தான் போகிறீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்க நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. கேழ்வரகு வயலில் காற்றடிக்கும்போது பயிர் முழுவதும் ஒரே பக்கம் அலை அலையாகச் சாயுமே, அதுபோல இவை ஓயாமல் அசைந்து சளியையும் தூசியையும் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டிருக்கும். கக்குவான் கிருமி வந்து ஒட்டிக்கொள்வது இந்த இழைகளில்தான். அது விடும் நச்சு இழைகளோடு கூடிய அணுக்களையே அழித்துவிடுகிறது. மருந்து கிருமியைக் கொல்லும்; அழிந்த பயிரை அது முளைக்கவைக்காது. புதிய இழைகள் வளர்ந்து மூடும்வரை, தேங்கும் சளியை வெளியேற்ற உடலுக்கு இருமலைத் தவிர வேறு வழி இல்லை. இதற்கு ஒன்றரை மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். சளி பிடித்த முதல் வாரத்திலேயே மருந்து கொடுத்திருந்தால் இருமலின் கடுமையே குறைந்திருக்கும். ஆனால் அந்த வாரத்தில் இது கக்குவான் என்று கண்டுபிடிப்பது எந்த மருத்துவருக்கும் எளிதல்ல என்பதால், நீங்கள் தாமதித்துவிட்டதாக வருந்த வேண்டாம். முழுதாகத் தேறிய பிறகும், அடுத்த சில மாதங்களில் சாதாரணச் சளி பிடித்தால்கூட அவன் இதே போல் அடுக்கடுக்காக இருமக்கூடும். அது நோய் திரும்பி வந்ததாகாது.

இருமல் எடுக்கும்போது மகனை உட்காரவைத்து, சற்று முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதுகில் ஓங்கித் தட்டுவதோ வாயில் விரலை விட்டுச் சளியை எடுப்பதோ வேண்டாம். விறகடுப்புப் புகை, கொசுவத்திச் சுருள், பீடி, சாம்பிராணி என்று எந்தப் புகை பட்டாலும் இருமல் கிளம்பும். தங்கையைக் குளிப்பாட்டிய பிறகு போடும் சாம்பிராணியை இரண்டு பேரின் பொருட்டும் நிறுத்தியே விடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் கிளம்பும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறு என்று தொண்டையில் சிக்காதவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கக்கிவிட்டால் கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுங்கள். வாந்தியால் பிள்ளைகள் இளைத்துப்போவதுதான் இந்த வயதில் நான் அதிகம் பார்ப்பது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் ரத்தம் கட்டினாலும், நாக்கின் அடியில் புண் வந்தாலும் திகைக்க வேண்டாம். இருமலின் அழுத்தத்தால் வருபவை அவை, தாமாக ஆறிவிடும். நல்ல காய்ச்சல் கிளம்பி மூச்சு வாங்கினால் மட்டும் நிமோனியாவாக இருக்கலாம் என்பதால் காட்டிவிடுங்கள்.

சிரப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கக்குவானுக்கு அவற்றால் பயன் இல்லை. சளிக்குத் தரப்படும் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று 2023ஆம் ஆண்டிலேயே நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் அறிவித்துவிட்டது. 2025ஆம் ஆண்டில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவாவது விட்டுவிடுங்கள். மகனுக்கு வெந்நீரில் ஒரு கரண்டித் தேன் கலந்து கொடுப்பதில் தவறில்லை. ஒரு வயது நிறையாத தங்கைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது.

கழுதைப்பால் விவகாரத்தில் உங்கள் தாயாரோடு நான் வாதாட விரும்பவில்லை. என் பாட்டியும் எனக்குக் கொடுத்திருக்கிறார். கக்குவான் தானாகவே உச்சத்துக்கு ஏறி, பல வாரங்களுக்குப் பிறகு தானாகவே இறங்குகிற நோய். இறங்கத் தொடங்கும் சமயத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்கு மருந்து என்ற பெயர் கிடைத்துவிடும். கழுதைப்பாலும் தாயத்தும் மந்திரிப்பும் தொக்கம் எடுப்பதும் அப்படிப் பெயர் வாங்கியவைதாம். கழுதைப்பாலின் கலவை தாய்ப்பாலுக்குச் சற்று நெருக்கமானது என்பது உண்மை. ஆனால் இந்தக் கிருமியை அது ஒன்றும் செய்யாது. தெருவில் கறந்து காய்ச்சாமல் ஊற்றும் பாலில் வேறு கிருமிகள் இருக்கக்கூடும். முப்பத்தெட்டு நாள் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை என்னும்போது அந்தச் சங்குக்கு இடம் எங்கே? மூக்கிலோ தொண்டையிலோ விளக்கெண்ணெய் விடுவது மட்டும் பேச்சுக்கே இடமில்லாதது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் அதை எடுக்க எங்களிடம் எளிய வழி கிடையாது.

ஊசி போட்டும் வந்துவிட்டதே என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. இந்தக் கிருமியை 1906ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜூல் போர்டே, ஆக்டேவ் ஜெங்கூ என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அதற்கு நன்றாக வேலை செய்யும் தடுப்பூசி கிடைக்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1930களில் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பியர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரண்டு பெண் அறிவியலாளர்கள், பகலெல்லாம் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஏழைகளின் வீடுகளுக்குப் போய், இருமும் பிள்ளைகளின் வாய்க்கு நேராகக் கண்ணாடித் தட்டை நீட்டிக் கிருமி சேகரித்து அதை உருவாக்கினார்கள். அந்த ஊசி தரும் பாதுகாப்பு உறுதியானது, ஆனால் ஆயுளுக்கும் நிற்பதல்ல. நோயே வந்து தேறினாலும் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதனால்தான் 6, 10, 14 வாரங்களில் போடும், கக்குவான் உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசிக்குப் பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒருமுறையும், ஐந்து ஆறு வயதில் ஒருமுறையும், கக்குவான், ரண ஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) மூன்றையும் தடுக்கும் டி.பி.டி. ஊசி வைத்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு முதல் மூன்றின் பலம் தேய்ந்துகொண்டிருந்த சமயத்தில் நான்காவது விட்டுப்போனது. கட்டட வேலைக்கும் சூளை வேலைக்கும் குடும்பத்தோடு போய்வரும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் இந்த ஒன்றரை வயது ஊசி விட்டுப்போயிருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். பெற்றோரின் அலட்சியம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை; எங்கே வேலை செய்தாலும் அந்த ஊர் அரசு மருத்துவமனையில் அட்டையைக் காட்டி இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பதை அவர்களிடம் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. இவ்வளவுக்கும் பிறகு, அந்த மூன்று ஊசிகளால்தான் உங்கள் மகன் இரவில் இருமிவிட்டுப் பகலில் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்றே நான் கருதுகிறேன்.

கர்ப்ப காலத்தில் உங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான ஊசி. கக்குவானுக்கான பகுதி அதில் இல்லை. அதையும் சேர்த்த ஊசி ஒன்று இருக்கிறது. கர்ப்பத்தின் 27ஆம் வாரத்திலிருந்து 36ஆம் வாரத்துக்குள் போட்டுக்கொண்டால், தாயின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியே சேர்ந்து, குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று மாதம் காவலாக நிற்கும். இப்போதைக்கு அது தனியார் மருத்துவமனைகளில் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதாகவே இருக்கிறது. அரசுத் திட்டத்திலும் வர வேண்டும் என்பது என் விருப்பம். உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. ஊரில் உங்கள் வயதில் கர்ப்பமாக இருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இந்தச் செய்தியை மறைக்க வேண்டாம். கக்குவான் சந்தேகம் என்று தெரிந்தால் சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு வருவார்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ஊசி அட்டைகளையும் பார்ப்பார்கள். தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூசுவதற்கு இதில் ஒன்றுமில்லை. மகளுக்கு ஆறு வாரம் முடியும் நாள் கடிதத்தின் கணக்குப்படி நெருங்கிவிட்டது. தடுப்பு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதற்காக அந்த முதல் ஊசியை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். ஆறு வாரம் முடிந்ததும் வரும் தடுப்பூசி நாளான புதன்கிழமையே போட்டுவிடுங்கள். மகனையும் உடன் அழைத்துப்போய், தேறிய பிறகு விட்டுப்போன டி.பி.டி.யை எப்போது போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கக்குவான் வந்துவிட்டதே, இனி எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் அவனுக்கு அது தேவை, ஏழு வயதுக்குள் போட்டுக்கொள்ளவும் வேண்டும். அவனுடைய பழைய அட்டை பெங்களூரில் நீங்கள் தங்கியிருந்த கொட்டகையிலேயே போயிருந்தாலும் கவலை இல்லை. அவன் பிறந்த ஊரைச் சேர்ந்த செவிலியரின் பதிவேட்டில் அந்த மூன்று ஊசிகளின் தேதியும் இருக்கும். புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.